டிராக்டரின் முன் சக்கரம் நேராக ஓடுகிறதா?

"போன வருஷம்தான் புது டயர் போட்டேன். அதுக்குள்ள ஒரு ஓரம் மட்டும் வழுவழுன்னு ஆயிடுச்சு. டயர் சரியில்லைங்க" என்றார், வயலாய்வுக்குப் போன ஊரில் ஒரு விவசாயி. டயரில் குறையில்லை. பருத்தியில் களை உழவு ஓட்டுவதற்காக முன் சக்கரங்களின் இடைவெளியைக் கூட்டியவர், டை ராடை இரு பக்கமும் சமமாக நீட்டவில்லை. சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்த்து ஓடியிருக்கின்றன.

சேற்றுழவின்போது கிங் பின், டை ராடு முனை, ஹப் பேரிங் ஆகியவை சேற்று நீரில் முழுகுகின்றன. உள்ளே புகும் மண் இவற்றை அரம்போல் அராவும். வயலில் மெதுவாக ஓட்டும்போது இந்தத் தேய்மானம் தெரியாது. நெல்லோ கரும்போ ஏற்றிச் சாலைக்கு வரும்போதுதான் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். ஆகவே, உழவுப் பருவம் முடிந்ததும், பாரம் ஏற்றும் முன்பு ஒரு நாள் ஒதுக்குங்கள். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டிராக்டர்களுக்கான முறை இது.

முதலில் ஆட்டம் பாருங்கள்

சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி, முன் சக்கரம் அசையாமல் ஸ்டீயரிங் மட்டும் எவ்வளவு திரும்புகிறது என்று அதன் விளிம்பில் அளக்கவும். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும். சுமார் 2 அங்குலத்தைத் தாண்டினால் எங்கோ தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

பிறகு எஞ்சினை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சுக்கடியில் கனத்த மரக்கட்டை வைக்கவும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் ஹப் பேரிங் அல்லது கிங் பின் தேய்ந்திருக்கலாம். இடம் வலமாக ஆடினால் டை ராடு முனையைப் பாருங்கள். தேய்ந்த முனையை மாற்றிவிட வேண்டும். வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது.

சுண்ணக்கட்டியும் டேப்பும் போதும்

ஆட்டத்தைச் சரிசெய்த பிறகே சக்கர நேர்மையை அளக்க வேண்டும். இரு முன் டயர்களிலும் காற்று சமமாக இருக்கட்டும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து, டயர்களின் முன்புறம், ஹப்பின் மைய உயரத்தில், நடுவில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு இடைவெளியை அளக்கவும். சக்கரம் அரைச் சுற்று சுற்றும்படி வண்டியை முன்னே நகர்த்தினால் அதே குறிகள் பின்புறம் வரும். அதே உயரத்தில் மீண்டும் அளக்கவும்.

முன் அளவு, பின் அளவைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். இதுதான் டோ-இன். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் கையேட்டில் இருக்கும். மாறியிருந்தால் லாக் நட்டைத் தளர்த்தி, இரு பக்க டை ராடையும் சம அளவு திருப்பிச் சரிசெய்து, நட்டை மறவாமல் இறுக்கவும். வரிசைப் பயிருக்காகச் சக்கர இடைவெளியை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதை அளக்க வேண்டும்.

டயரும் காட்டிக்கொடுக்கும்

இரு டயரிலும் வெளி ஓரம் தேய்ந்தால் டோ-இன் அதிகம். உள் ஓரம் தேய்ந்தால் சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிந்திருக்கின்றன. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் அதிகம்.

சேற்றுழவு நாட்களில் மாலைதோறும் வண்டியைக் கழுவி, எல்லா நிப்பிளிலும் பழைய கிரீஸ் சேறோடு வெளியே பிதுங்கும்வரை கிரீஸ் அடிக்கவும்.

சாலையில் ஏறும் முன்பு இடது, வலது பிரேக் பெடல்களை இணைத்துப் பூட்டவும். டிரெய்லரின் முன்பகுதியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். தரையைச் சரியாகத் தொடாத சக்கரம், எவ்வளவு நேர்த்தியாகச் சரிசெய்திருந்தாலும் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.