சுடுமல்லியை இனங்காணல்

குரக்கன், சோளம், இறுங்கு, மேட்டு நெல் ஆகியவற்றைப் பயிரிடும் கமக்காரர் யாவரும் அறிந்திருக்க வேண்டிய சிறு பூண்டு சுடுமல்லி. இது ஓராண்டுச் செடி. ஆபிரிக்கப் புல்வெளிகளில் செந்நிறப் பூக்களுடன் காணப்படும் இவ்வினம் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. இங்கு எங்கும் மலிந்து கிடப்பதன்று. ஆயினும் ஒரு முறை நிலத்திற் குடிபுகுந்தால் எளிதில் நீங்காது.

அடையாளங்கள்

1. செடி 15 முதல் 30 சென்ரிமீற்றர், அதாவது ஏறத்தாழ ஒரு சாண் உயரம் இருக்கும்.
2. இலைகள் ஒடுங்கியவை, தடவினால் சொரசொரப்பாக இருக்கும்.
3. பூக்கள் தண்டின் மேற்பாகத்தில் தனித்தனியே தோன்றும். பூவின் குழாய் நடுவில் வளைந்து, நுனி இரண்டு உதடுகளாக விரியும். நிறம் மஞ்சள், வெள்ளை அல்லது சிவப்பு.
4. பூவைத் தாங்கும் பச்சைப் புல்லியில் பெரும்பாலும் 10 வரிகள் காணப்படும். 15 வரிகளும் வெள்ளைப் பூவும் இருப்பின் அது இதன் நெருங்கிய உறவினம்.

வெள்ளைப் பூவைக் கண்டு தும்பை என்று எண்ணிவிடலாகாது. தும்பைப்பூ கணுவைச் சுற்றிக் கொத்தாக இருக்கும். ஐயமிருப்பின் பயிரையும் பூண்டையும் ஒருங்கே மண்ணோடு தோண்டி, வேர்களை நீரில் மெதுவாக அலசிப் பார்க்க. சுடுமல்லியின் வேர் பயிரின் வேரைப் பற்றியிருக்கும்.

தீங்கு விளையும் வகை

இதன் விதை தூசி போன்றது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை ஈனும். அவை மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிருடன் கிடக்கும். பயிரின் வேர் கசியும் ஒருவகைப் பொருளே விதையை முளைக்கச் செய்கிறது. முளை வேரைப் பற்றி நீரையும் ஊட்டத்தையும் உறிஞ்சும். மண்ணில் ஈரமிருந்தும் பயிர் வாடி, மஞ்சளித்துக் குட்டையாகும். பூ வெளித்தெரியுமுன்பே சேதத்தின் பெரும்பகுதி நிகழ்ந்துவிடும். ஆகவே பூத்த செடியைக் களைவது இவ்வாண்டுப் பயிருக்காக மட்டுமன்று. வரும் ஆண்டுகளின் பயிருக்காகவும் ஆகும். 1956இல் அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் இது கண்டறியப்பட்டபின், அதனை ஒழிக்கும் பணி பல பத்தாண்டுகள் நீடித்தது.

செய்ய வேண்டியவை

* விதை முற்றுமுன் பிடுங்கி எரித்துவிடுக. வரப்பிலோ எருக்குழியிலோ இடலாகாது.
* அந்நிலத்திற் பயன்படுத்திய மண்வெட்டி, கலப்பை ஆகியவற்றைக் கழுவியபின்பே வேறு நிலத்திற்குக் கொண்டு செல்க.
* அடுத்த போகத்தில் நிலக்கடலை, கௌபி அல்லது பருத்தி பயிரிடுக. இவற்றின் வேர்க்கசிவு சுடுமல்லி விதையை முளைப்பிக்கும், ஆனால் பற்றுவதற்கு இடங்கொடாது, முளை மடியும். 1966இல் அத்தகைய பொருள் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது பருத்தி வேரிலிருந்தேயாகும்.
* தழையெருவும் தழைச்சத்து உரமும் இட்டு மண்ணை வளப்படுத்துக. வளங்குன்றிய நிலத்திலேயே இதன் கொடுமை மிகுதி.

தம்பலகாமம் போன்று நீர் தேங்கும் வயல்களில் நெல்லுக்கு இதனால் அச்சமில்லை. சீனன்குடாப் பகுதியில் மழையை நம்பி மேட்டுநிலத்திற் பயிரிடுவோரே விழிப்புடனிருத்தல் வேண்டும். கத்தரி, மிளகாய், வெண்டி ஆகியவற்றை இவ்வினம் தாக்குவதில்லை.

ஐயத்துக்கிடமான செடியைக் கண்டால் வேருடன் கடதாசியிற் சுற்றி, விதை சிந்தாவண்ணம் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.