கம்பி வளையம் நீங்கிய டூட்டூ

பாலே ஆடும் பெண்ணின் இடுப்பைச் சுற்றி, வலைத்துணி அடுக்குகளால் விரிந்து நிற்கும் குட்டைப் பாவாடைக்கு டூட்டூ என்று பெயர். ஐரோப்பிய மேடை நடனத்தின் அடையாளமாகவே கருதப்படும் இந்த உடை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளில் பல வடிவங்களைக் கடந்து வந்துள்ளது என்றாலும், 1946 முதல் 1955 வரையிலான பத்தாண்டுகளில் அது கண்ட மாற்றம் தனித்து ஆராயத்தக்கது. மேடையின் அளவு, அதில் ஒருசேர ஆடுவோரின் தொகை, நடன அமைப்பாளர் கோரிய வேகம் ஆகிய மூன்றும் தையற்கலைஞர்முன் வைத்த நடைமுறைச் சிக்கலுக்கு விடையாகவே அந்த மாற்றம் பிறந்தது.

1832-ல் பாரிஸ் ஓப்பராவில் அரங்கேறிய ‘லா சில்ஃபீட்’ என்ற பாலேயில் மரீ தக்லியோனி அணிந்த வெண்ணிறப் பாவாடை, மணியின் வடிவில் கெண்டைக்கால்வரை தாழ்ந்திருந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியிலிருந்து ரஷ்யாவுக்குச் சென்று ஆடிய பெண் கலைஞர்கள் கடினமான சுழற்சிகளையும் கால் வேலைகளையும் புகுத்தியபோது, அவற்றைப் பார்வையாளர் தெளிவாகக் காண்பதற்காகப் பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறியது. 1895-ல் ‘அன்னப்பறவை ஏரி’ பாலேயில் பியரீனா லெஞ்ஞானி ஒற்றைக்காலில் நின்றபடி முப்பத்திரண்டு முறை சுழன்றது போன்ற சாதனைகளுக்கு நீண்ட பாவாடை பொருந்தியிருக்காது. இருபதாம் நூற்றாண்டில் அது மேலும் குறுகி, இடுப்பிலிருந்து தரைக்கு இணையாக நீளும் தட்டையான வட்டமாயிற்று. இவ்வடிவத்தை மேலைநாட்டார் ‘பான்கேக் டூட்டூ’ என்று அழைக்கின்றனர்.

இவ்வட்டம் தானாக நிற்பதில்லை. உடலைக் கவ்விப் பிடிக்கும் மேற்சட்டை, இடுப்பெலும்பைச் சுற்றி இறுகும் பட்டை, அதற்குக் கீழே உள்ளாடை போன்ற கீழ்ச்சட்டை ஆகிய மூன்றும் டூட்டூவின் அடிப்படை உறுப்புகள். சுருக்குவைத்த வலைத்துணிப் பட்டிகள் கீழ்ச்சட்டையின்மீது வரிசை வரிசையாகத் தைக்கப்படுகின்றன. கீழ்வரிசைகள் மிகக் குட்டையாக இருந்து மேல்வரிசைகளைத் தாங்க, மேலே செல்லச் செல்ல நீளம் கூடுகிறது. பின்னர் எல்லா அடுக்குகளும் ஒன்றோடொன்று இழையோட்டிப் பிணைக்கப்பட்டு, நடு அடுக்கு ஒன்றினுள் மெல்லிய எஃகுக் கம்பி வளையம் செருகப்படுகிறது. வட்டத்தின் விளிம்பு தொங்கிப்போகாமல் காப்பது இவ்வளையமே.

அரங்கின் நடுவே ஒருத்தி தனித்து ஆடும்போது இக்கட்டமைப்பு அவளது கால்களின் முழு நீளத்தையும் வெளிப்படுத்திக் காட்டுகிறது. ஆனால் வளையத்தின் ஒருபுறத்தை யாரேனும் தொட்டால் மறுபுறம் நிமிர்ந்துவிடுகிறது. அருகருகே நிற்கும் இருவரின் வளையங்கள் உரசினால் இரண்டும் தள்ளாடுகின்றன. ஆண் துணைவன் நெருங்கிவந்து தாங்கும்போதும் வட்டம் குலைகிறது. பெண்கள் பலர் வரிசையாக ஆடும் காட்சியில் இந்தத் தள்ளாட்டம், நடன அமைப்பின் ஒழுங்கையே கெடுத்துவிடக்கூடியது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஐரோப்பாவில் பழைய பெருமையை மீட்டெடுக்கும் முனைப்பே மேலோங்கியிருந்தது. போர்க்காலத்தில் நடனக் கூடமாகப் பயன்பட்டுவந்த லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கம் 1946 பிப்ரவரி 20 அன்று ‘உறங்கும் அழகி’ பாலேயுடன் மீண்டும் திறக்கப்பட்டது. மார்கோ ஃபான்டெய்ன் நாயகியாக ஆட, ஆலிவர் மெஸ்ஸல் காட்சிகளையும் உடைகளையும் வடிவமைத்தார். 1941-ல் தொடங்கிய துணிப் பங்கீடு 1949-ல்தான் நீங்கியது என்பதால், கூப்பன் இல்லாமல் துணி வாங்க இயலாத நிலையில் அரசவைக் காட்சியின் பகட்டை உருவாக்க வேண்டியிருந்தது. அங்கு டூட்டூவின் மரபான வடிவம் பேணப்பட்டது. போர்க்காலத் தட்டுப்பாட்டைக் கண்ட மக்கள் வேண்டியதும் அந்த மரபின் தொடர்ச்சியையே.

மாற்றத்துக்கான உந்துதல் நியூயார்க்கிலிருந்து வந்தது. ரஷ்யாவில் பயின்று அமெரிக்காவில் குடியேறிய நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீன், இசையமைப்பாளர் பிஸே பதினேழு வயதில் இயற்றிய சிம்பொனிக்கு 1947-ல் பாரிஸ் ஓப்பராவில் ‘லே பலே த கிறிஸ்டல்’ என்ற பாலேயை அமைத்தார். கதையற்ற இப்படைப்பில் இசையின் நான்கு பகுதிகளுக்கும் தனித்தனி இணையரும் குழுவும் உண்டு. இறுதியில் எல்லோரும் ஒன்றுசேர்வதால் ஐம்பது பேர் அளவில் மேடையை நிறைக்கின்றனர். பாரிஸில் லியோனோர் ஃபினி வடிவமைத்த உடைகள் பகுதிக்கொரு நிறமாக இருந்தன. இதே பாலே 1948-ல் ‘சிம்பொனி இன் சி’ என்ற பெயரில் நியூயார்க்குக்கு வந்து, அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிய நியூயார்க் சிட்டி பாலே குழுவின் முதல் நிகழ்ச்சியிலும் இடம்பெற்றது. குழுவின் இருப்பிடமான சிட்டி சென்டரின் மேடை பாரிஸ் ஓப்பராவினதைப்போல் பரந்ததன்று. அத்தனை பேர் விரைந்து குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் அமைப்பில் கம்பி வளையங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வழியில்லை.

இச்சிக்கலைத் தீர்த்தவர் பார்பரா கரின்ஸ்கா. 1886-ல் கார்கிவில் பிறந்து, சோவியத் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் நாட்டைவிட்டு வெளியேறிய அவர், பாரிஸிலும் லண்டனிலும் நாடக, பாலே உடைகளைத் தைத்துப் புகழ்பெற்று, பின்னர் நியூயார்க்கில் தொழிற்கூடம் அமைத்தார். 1948-ல் வெளியான ‘ஜோன் ஆஃப் ஆர்க்’ திரைப்படத்தின் உடைகளுக்காக அவருக்கும் டாரதி ஜீக்கின்ஸுக்கும் ஆஸ்கர் விருது கிடைத்தது. உடை வடிவமைப்புக்கென அவ்விருது வழங்கப்பட்டது அதுவே முதன்முறை.

1950-ல் ‘சிம்பொனி இன் சி’க்குக் கரின்ஸ்கா தைத்துக்கொடுத்த வெண்ணிற டூட்டூவில் கம்பி வளையமே இல்லை. சுருக்குவைத்த வலைத்துணி ஆறு அல்லது ஏழு அடுக்குகளே. ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதைவிட அரை அங்குலமளவு நீண்டது. அடுக்குகளின் விளிம்புகள் நேர்க்கோட்டில் பொருந்தாமல் விடப்பட்டன. அவற்றைப் பிணைத்த இழையும் இறுக்கமின்றித் தளர்வாகவே ஓடியது. இதனால் பாவாடை தன் அடர்த்தியாலேயே தாங்கப்பட்டு, தட்டாக நீளாமல் இடுப்பிலிருந்து சற்றே சரிந்து மென்மையாகப் பூரித்து நின்றது. முகத்துக்குப் பவுடர் ஒற்றும் பஞ்சின் பெயரால் அது ‘பவுடர் பஃப் டூட்டூ’ எனப்பட்டது. பக்கத்தில் ஆடுபவளின் பாவாடை பட்டால் அது அமுங்கி, உடனே பழைய நிலைக்குத் திரும்பியது. எனவே ஆடுவோர் நெருங்கி நிற்கவும் விரைந்து கடக்கவும் முடிந்தது.

மேற்சட்டையிலும் அவரது நுட்பம் வெளிப்பட்டது. பாவும் ஊடையும் செங்குத்தாகச் சந்திக்கும் துணியை நேராக வெட்டினால் அது நீளாது. மூலைவாட்டில் சாய்த்து வெட்டினால் இழுத்த பக்கம் சற்று நெகிழ்ந்து கொடுக்கும். தமிழ்நாட்டுத் தையற்கடைகளில் ‘கிராஸ் கட்டிங்’ என்று வழங்கும் இம்முறையைக் கரின்ஸ்கா மேற்சட்டையின் துண்டுகளில் கையாண்டதால், உடலோடு ஒட்டியிருந்தும் ஆடுபவள் தடையின்றி மூச்சை இழுத்துவிட முடிந்தது. தம் பாலேக்களின் வெற்றியில் பாதி கரின்ஸ்காவின் உடைகளுக்கு உரியது என்று பாலன்சீன் கருதியதாகக் கூறப்படுவதில் மிகை இருக்கலாம். ஆயினும் உடையை நடன அமைப்பின் ஓர் உறுப்பாக அவர் எண்ணினார் என்பது தெளிவு.

பொருளிலும் இக்காலத்தில் மாற்றம் நேர்ந்தது. முற்காலத்து டூட்டூக்களில் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய பருத்தி வலைத்துணி பயன்பட்டது. வியர்வையிலும் ஈரக்காற்றிலும் கஞ்சி இளகுவதால் பாவாடை விரைவில் துவண்டது. போருக்கு முன் காலுறைக்கும், போரின்போது பாராசூட்டுக்கும் பயன்பட்ட நைலான், அமைதி திரும்பியபின் வலைத்துணியாகவும் பரவியது. எடை குறைந்த, ஈரத்தை உறிஞ்சாத, கஞ்சியின்றியே விறைப்பைத் தக்கவைக்கும் இவ்விழை, உடையைப் பேணும் உழைப்பைக் குறைத்தது.

இதே ஆண்டுகளில் பாலன்சீன் நேர்எதிரான வழியிலும் சென்றார் என்பது கவனிக்கத்தக்கது. 1946-ல் கர்ட் செலிக்மனின் கனத்த உடைகளோடு அரங்கேறிய ‘நான்கு குணங்கள்’ பாலேயையும், 1941-ல் உருவான ‘கன்சர்ட்டோ பரோக்கோ’வையும் 1951-ல் அவர் எளிய பயிற்சி உடைகளுக்கு மாற்றினார்; உடலைக் கவ்வும் மெல்லாடையில் அசைவின் கோடுகள் எதுவும் மறையவில்லை. மறுபுறம், 1954-ல் பயிற்சி உடைகளில் அரங்கேறிய ‘வெஸ்டர்ன் சிம்பொனி’ அடுத்த ஆண்டே கரின்ஸ்காவின் வண்ண உடைகளைப் பெற்றது. ஆக, உடையைக் கழற்றவும் அணிவிக்கவும் பாலன்சீனுக்கு ஒரே அளவுகோல்தான் இருந்தது: குறிப்பிட்ட பாலேயின் அசைவுக்கு அது துணைநிற்கிறதா என்பதே அது.

இன்று இரு வடிவங்களும் வழக்கில் உள்ளன. ‘உறங்கும் அழகி’ போன்ற அரசவைக் கதைகளில் நாயகியின் தனித்த நிலையைக் காட்டக் கம்பி வளையம் வைத்த வட்டம் விரும்பப்படுகிறது; குழுவின் விரைவும் நெருக்கமும் முதன்மை பெறும் படைப்புகளுக்கு வளையமற்ற மென்மையான டூட்டூ பொருந்துகிறது. பாலே என்றாலே டூட்டூ, டூட்டூ என்றாலே விறைத்த வட்டம் என்றிருந்த நிலை மாறி, எந்த வடிவம் வேண்டும், அல்லது டூட்டூவே வேண்டுமா என்பதைப் படைப்புதோறும் தீர்மானிக்கும் உரிமையை நடன அமைப்பாளர் பெற்றதே அந்தப் பத்தாண்டுகளின் விளைவு.