மின்சாரம் நுழையக் கூடாத இடத்தில் ஒளி

விமானத்தின் எரிபொருளில் பெரும்பகுதி அதன் இறக்கைகளுக்குள் இருக்கிறது. புனேயின் லோஹேகாவ் தளத்தில் விமானப் படையின் சுகோய் போர் விமானங்களும் பயணிகள் விமானங்களும் ஒரே ஓடுபாதையில்தான் இறங்கி ஏறுகின்றன. அங்கு வந்துபோகும் ஏ320 ரக விமானத்தின் தொட்டிகள் சுமார் 24,000 லிட்டர் கொள்ளும். ஆனால் விமானிக்கு வேண்டியது லிட்டர் கணக்கல்ல, கிலோ கணக்கு. எரிபொருள் தரும் ஆற்றல் அதன் நிறையைப் பொறுத்தது. கன அளவோ வெப்பத்தில் விரியும், குளிரில் சுருங்கும். புனேயின் ஜனவரி விடியலில் 10 டிகிரி, ஏப்ரல் பிற்பகலில் 40 டிகிரி. எரிபொருளும் அதே வெப்பநிலையில் இருந்தால், நிரம்பிய தொட்டிகளில் மட்டும் ஏறக்குறைய 500 கிலோ வித்தியாசம் வந்துவிடும்.

தொட்டியும் சீரான பெட்டி அல்ல. இறக்கையின் வடிவத்தில் ஒடுங்கிக்கொண்டே போகும். விமானம் சாயும்போது எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்கும். அதனால் பல இடங்களில் அளந்து கணினியில் கூட்ட வேண்டியிருக்கிறது. இதற்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுவது மின்தேக்கி முறை. ஒன்றுக்குள் ஒன்றாக நிற்கும் இரு உலோகக் குழாய்களின் இடைவெளியில் எரிபொருள் ஏற ஏற, அவற்றின் மின்தேக்குத் திறன் கூடும். எளிமையானது, நம்பகமானது. ஆனால் தொட்டிக்குள் மின்கம்பி போகிறது.

அதன் விலை 1996 ஜூலை 17 அன்று தெரிந்தது. நியூயார்க்கிலிருந்து பாரிஸ் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 747 சில நிமிடங்களில் வெடித்துச் சிதறி, 230 பேரும் இறந்தனர். நடுத் தொட்டியில் இருந்த எரிபொருள் ஆவி பற்றிக்கொண்டதே காரணம் என்றது அமெரிக்க விசாரணை அமைப்பு. பெரும்பாலும், தொட்டிக்கு வெளியே நேர்ந்த மின்கசிவு எரிபொருள் அளவுமானியின் கம்பி வழியே உள்ளே போயிருக்க வேண்டும் என்பது அதன் முடிவு. 2001-இல் அமெரிக்கா தொட்டிப் பாதுகாப்பு விதிகளை இறுக்கியது. அந்த ஆவியைக் கொளுத்த 0.2 மில்லி ஜூல் தீப்பொறியே போதும்.

ஒளியிழை இந்தச் சிக்கலின் வேரிலேயே கை வைக்கிறது. 0.125 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்கா இழை மின்சாரத்தைக் கடத்தாது. இடி மின்னலோ ரேடார் அலையோ அதிலுள்ள ஒளியைக் குலைக்காது. ஒளி மூலமும் மின்னணுக் கருவிகளும் தொட்டிக்கு வெளியே நின்றுவிடும். அனுப்பும் ஒளியின் திறனை மட்டும் மிகக் குறைவாக வைக்க வேண்டும். வலுவான ஒளி ஒரு தூசியைச் சூடாக்கினாலும் ஆபத்துதான்.

இதன் எளிய வடிவத்தைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். இழையின் முனையைக் கூம்பாகத் தீட்டினால், ஒளி அதன் சரிவில் 45 டிகிரிக் கோணத்தில் விழும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.46. வெளியே காற்று இருந்தால் மாறுநிலைக் கோணம் 43 டிகிரி. ஒளி முழு அக எதிரொளிப்பு அடைந்து, வந்த வழியே திரும்பும். வெளியே எரிபொருள் இருந்தால், அதன் எண் 1.44-ஐ ஒட்டியிருப்பதால் மாறுநிலைக் கோணம் 80 டிகிரிக்குப் போய்விடும். ஒளி எரிபொருளுக்குள் கசிந்து மறையும். ஒளி திரும்பினால் அங்கே எரிபொருள் இல்லை, திரும்பாவிட்டால் உண்டு. கேள்வியும் பதிலும் அவ்வளவே. ஆனால் முனையில் ஒரு துளி ஒட்டிக்கொண்டால், வற்றிய தொட்டியும் நிறைந்ததாகத் தெரியும். இது அஞ்ச வேண்டிய பிழை. துளி வழிந்தோடும்படி முனையை வடிவமைப்பதில்தான் வேலை அதிகம்.

தொடர்ச்சியாக அளக்க வேண்டுமானால் பிராக் கீற்றணி உதவும். 1978-இல் கனடாவில் கென் ஹில் குழு கண்டறிந்த இது, இழைக்குள் பதிக்கப்படும் நுண்வரிகளின் வரிசை. ஒரே ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும். இழை நீண்டால் அந்த அலைநீளம் நகரும். தொட்டியின் அடியில் மெல்லிய சவ்வோடு இதை ஒட்டினால், மேலுள்ள எரிபொருளின் அழுத்தம் சவ்வை வளைத்து இழையை நீட்டும். ஒரு மீட்டர் எரிபொருளுக்குச் சுமார் 8 கிலோபாஸ்கல். அழுத்தம் என்பதில் உயரத்தோடு அடர்த்தியும் சேர்ந்தே இருப்பதால், விமானிக்கு வேண்டிய நிறைக் கணக்குக்கு இது இயல்பாகவே நெருங்கி வருகிறது. வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலும் அலைநீளம் சுமார் 10 பிகோமீட்டர் நகரும் என்பதால், அழுத்தம் படாத இரண்டாவது கீற்றணியை வைத்து அதைக் கழிக்கிறார்கள். சுகோய் கூர்மையாகத் திரும்பும்போது எரிபொருளின் எடை பல மடங்காகத் தோன்றும். அதற்கு முடுக்கமானியின் அளவும் வேண்டும்.

ஒளியிழைத் தொழிலுக்குப் புனே அந்நியமில்லை. ஸ்டெர்லைட் டெக்னாலஜிஸ், ஃபினோலெக்ஸ் கேபிள்ஸ் இரண்டுக்கும் தலைமையகம் அங்கேதான். அவற்றின் இழைகள் தொலைத்தொடர்புக்கானவை. பிராக் கீற்றணியும் அதே சிலிக்காவில்தான் புற ஊதா ஒளியால் பொறிக்கப்படுகிறது.

இன்றும் பெரும்பாலான விமானங்கள் மின்தேக்கி முறையிலேயே பறக்கின்றன. ஒளியிழை உணரி மைனஸ் 40 டிகிரியிலும், எரிபொருளில் ஊறியபடியும், அதிர்வுக்கு நடுவிலும் பல ஆண்டுகள் பிழையின்றி உழைப்பதைச் சான்றளிப்போருக்கு நிரூபிக்க வேண்டும். இழை இணைப்பில் படியும் சிறு அழுக்கும் ஒளியைக் குறைத்துவிடும். அளவுமானி பழுதானால் சரிபார்க்க, ஏ320 போன்ற விமானங்களில் இறக்கையின் அடியிலிருந்து இழுத்துப் பார்க்கும் காந்த அளவுகோல் இருக்கிறது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், ஒளியும் வேண்டாம்.