ஆயுதக் கடத்தல் சோதனை தொடர்பான பிரித்தானிய–பிரெஞ்சுத் தகராறுகள்

ஆயுதக் கடத்தல் சோதனை தொடர்பான பிரித்தானிய–பிரெஞ்சுத் தகராறுகள் என்பவை, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கப்பல்களைச் சோதனையிடுதல், ஆயுத வணிகத்தைத் தடுத்தல், அரசியல் கைதிகளை ஒப்படைத்தல் ஆகியவை குறித்து இவ்விரு பேரரசுகளுக்கும் இடையே எழுந்த பிணக்குகள் ஆகும். இவற்றுள் இரண்டு, நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள நிலையான நடுவர் நீதிமன்றம் வரை சென்றன. தமிழகத்தில் இச்சிக்கல் புதுச்சேரியை முன்னிட்டு எழுந்தது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்துடன் தொடர்புடைய ஆஷ் கொலை வழக்கில் (1911) அது வெளிப்படையாகத் தெரிந்தது.

சோதனை உரிமை

அமைதிக் காலத்தில், திறந்த கடலில் செல்லும் ஒரு கப்பல் அது ஏற்றியுள்ள கொடிக்குரிய நாட்டின் சட்டத்துக்கே உட்பட்டது என்பது பன்னாட்டுச் சட்டத்தின் பொதுவிதி. பிற நாட்டுப் போர்க்கப்பல் அதனை நிறுத்திச் சோதனையிட வேண்டுமாயின், அதற்கு ஓர் உடன்படிக்கையோ பொதுவிதிக்கு ஏற்கப்பட்ட விதிவிலக்கோ தேவை.

1890 ஆம் ஆண்டின் பிரசெல்சு உடன்படிக்கை அடிமை வணிகத்தை ஒழிக்கும் நோக்குடன் செய்யப்பட்டது. ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் துப்பாக்கி இறக்குமதியையும் அது கட்டுப்படுத்தியது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில், 500 டன்னுக்குக் குறைந்த கப்பல்களைச் சோதனையிட உறுப்பு நாடுகளுக்கு அது இடமளித்தது. ஆனால் பிரான்ஸ் அதனை ஏற்றபோது, சோதனை தொடர்பான பிரிவுகளை மட்டும் விலக்கியே ஏற்றது. எனவே பிரெஞ்சுக் கொடி ஏற்றிய சிறு கலங்களைப் பிரித்தானியக் கடற்படை தன் விருப்பப்படி சோதனையிட இயலவில்லை.

மஸ்கட் வழக்கு

ஓமானின் சூர் துறைமுகத்தைச் சேர்ந்த அரபுப் பாய்மரக் கலங்கள் சில, பிரெஞ்சுக் கொடியைப் பெற்று ஓடின. இது சோதனையிலிருந்து தப்பும் வழி எனப் பிரித்தானியா குற்றஞ்சாட்டியது. மஸ்கட் சுல்தானின் விடுதலையை மதிப்பதாக இரு நாடுகளும் 1862 இல் அறிவித்திருந்ததையும் அது சுட்டிக்காட்டியது.

ஆகஸ்டு 8, 1905 அன்று நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. பிரான்ஸ் பிரசெல்சு உடன்படிக்கையை ஏற்ற சனவரி 2, 1892 க்குப் பின், பிரெஞ்சுப் பாதுகாப்புக்கு முறையாக உரிமை பெற்றவர்களுக்கே கொடி வழங்கலாம் என அது வரையறுத்தது. அதே வேளையில், முறையாகக் கொடி பெற்ற கலங்கள் மஸ்கட் கடற்பரப்பில் 1844 ஆம் ஆண்டின் பிரெஞ்சு–மஸ்கட் உடன்படிக்கை வழங்கிய பாதுகாப்புக்கு உரியவை எனவும் கூறியது.

அடிமை வணிகத்தை முன்னிட்டு எழுந்த இவ்வழக்கு, பின்னர் ஆயுதச் சிக்கலுக்கும் பின்புலமாயிற்று. மஸ்கட்டில் இறங்கிய துப்பாக்கிகள் மக்ரான் கரை வழியாக ஆப்கானித்தானுக்கும் இந்தியாவின் வடமேற்கு எல்லைக்கும் சென்றன. 1909 முதல் பிரித்தானியக் கடற்படை இப்பகுதியில் கடுமையான சுற்றுக்காவலை மேற்கொண்டது. டிசம்பர் 24, 1910 அன்று 'ஹயசிந்த்' என்னும் போர்க்கப்பலின் வீரர்கள் ஆயுதம் தேடித் துபாயில் இறங்கியபோது மோதல் மூண்டு, இரு தரப்பிலும் உயிர்கள் பறிபோயின. மஸ்கட்டின் பிரெஞ்சு வணிகர்களுக்கு உடன்படிக்கை உரிமைகள் இருந்தன. எனவே கடற்படை வலிமையால் மட்டும் அவர்களது வணிகத்தை நிறுத்த முடியவில்லை. 1912 இல் சுல்தான் ஆயுதக் கிடங்கு ஒன்றை நிறுவி வணிகத்தைக் கட்டுப்படுத்தினார். 1914 இல் பிரான்ஸ் உடன்பட்ட பின்னரே தகராறு முடிவுக்கு வந்தது.

மார்சேய் நிகழ்வு

இந்தியப் புரட்சியாளர்கள் நாடியவை மூட்டை மூட்டையான துப்பாக்கிகள் அல்ல. பயணப் பெட்டியில் மறைக்கத்தக்க கைத்துப்பாக்கிகள். 1909 இல் இலண்டனிலிருந்து வி. தா. சாவர்க்கர் 20 பிரௌனிங் கைத்துப்பாக்கிகளைப் பயணி ஒருவரின் பெட்டியில் மறைத்துப் பம்பாய்க்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்றால் அவ்வாண்டு டிசம்பரில் நாசிக் ஆட்சியர் ஜாக்சன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1910 இல் கைதான சாவர்க்கர், 'மோரியா' என்னும் கப்பலில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். ஜூலை 8 அன்று மார்சேய் துறைமுகத்தில் அவர் கடலில் குதித்துக் கரையேறினார். பிரெஞ்சுக் காவலர் ஒருவர் அவரைப் பிடித்துக் கப்பலிலேயே ஒப்படைத்துவிட்டார். தன் மண்ணில் அடைக்கலம் பெறக்கூடிய ஒருவர் முறையான விசாரணையின்றி ஒப்படைக்கப்பட்டதால், அவரைத் திருப்பித் தருமாறு பிரான்ஸ் கோரியது. பிப்ரவரி 24, 1911 இல் வெளியான ஹேக் தீர்ப்பு, நடந்தது முறைகேடானது என ஒப்புக்கொண்டது. ஆயினும் பிரெஞ்சுக் காவலரே ஒப்படைத்ததால், கைதியைத் திருப்பி அனுப்பும் கடமை பிரித்தானியாவுக்கு இல்லை என முடிவு செய்தது. சாவர்க்கர் அந்தமான் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

தென்காசி–செங்கோட்டை வட்டாரம்

சாவர்க்கரின் நெருங்கிய தோழரான வ. வே. சு. ஐயர், 1910 இன் பிற்பகுதியில் பிரித்தானியக் காவலர்களிடம் சிக்காமல் புதுச்சேரியை அடைந்தார். சுப்பிரமணிய பாரதியும் அரவிந்தரும் ஏற்கனவே அங்கு வாழ்ந்துவந்தனர். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குள் சென்னை மாகாணக் காவலர்களுக்குச் சோதனையிடவோ கைது செய்யவோ அதிகாரம் இல்லை.

1910 இல் நீலகண்ட பிரம்மச்சாரி தென்காசி, தூத்துக்குடி முதலிய இடங்களில் இரகசியக் கூட்டங்களை நடத்தினார். தென்காசியும் குற்றாலமும் அப்போது பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கோட்டை, திருவிதாங்கூர் சமத்தானத்துக்கு உரியது. செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் பணியாற்றியவர். 1911 இன் தொடக்கத்தில் அவர் விடுப்பெடுத்துப் புதுச்சேரி சென்று, வ. வே. சு. ஐயரிடம் துப்பாக்கி சுடும் பயிற்சி பெற்றார்.

ஜூன் 17, 1911 அன்று மணியாச்சி இரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவர் பயன்படுத்தியது பெல்சியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கி.

இரு எல்லைகள்

கொலைக்குப் பின் நடந்த புலனாய்வில் இரு எல்லைகளின் வேறுபாடு தெளிவாகியது. திருவிதாங்கூர் பிரித்தானிய மேலாண்மைக்கு உட்பட்டது. ஆகவே செங்கோட்டையில் சோதனைக்குத் தடை ஏதும் எழவில்லை. 14 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டு, 1912 இல் சென்னை உயர் நீதிமன்றம் 9 பேரைத் தண்டித்தது. நீலகண்டருக்கு 7 ஆண்டுக் கடுங்காவல் கிடைத்தது.

புதுச்சேரி எல்லையோ பிறிதொரு பேரரசின் எல்லை. வ. வே. சு. ஐயரைப் பிடிக்க இயலாத பிரித்தானிய அரசு, ஒற்றர்களை அமர்த்துவதையும் பிரெஞ்சு அதிகாரிகளை வற்புறுத்துவதையும் நம்பவேண்டியதாயிற்று. வெளியார் தங்குவதற்கு உள்ளூர்ப் பெரியோர் ஐவரின் நற்சான்று வேண்டும் என 1911 இல் அங்கு ஒரு விதி வந்தது. புகலிடம் பெற்றோர் அச்சான்றுகளைப் பெற்று அங்கேயே தங்கினர். ஐயர் 1920 இல்தான் பிரித்தானிய இந்தியாவுக்குத் திரும்பினார். பாரதி 1918 நவம்பரில் எல்லையைக் கடந்தவுடன் கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். விடுதலைக்குப் பின் அவர் சென்று வாழ்ந்தது தென்காசிக்கு அருகிலுள்ள கடையத்தில் ஆகும்.

முக்கியத்துவம்

போர்க்கப்பல்களின் எண்ணிக்கை சோதனை உரிமையைத் தருவதில்லை என்பதை இத்தகராறுகள் காட்டுகின்றன. மஸ்கட்டில் கொடியும், மார்சேயில் துறைமுகக் கரையும், புதுச்சேரியில் நில எல்லையும் பேரரசின் கைக்கு வரம்பிட்டன. அவ்வரம்பு மதிக்கப்பட்ட இடத்தில் ஐயர் தப்பினார். தவறிய இடத்தில் சாவர்க்கர் சிறை சென்றார்.

1982 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையும், திறந்த கடலில் பிற நாட்டுக் கப்பலில் ஏறிச் சோதனையிடுவதற்கான காரணங்களுள் கடற்கொள்ளை, அடிமை வணிகம் முதலியவற்றைக் குறிப்பிடுகிறது. ஆயுதக் கடத்தலை அப்பட்டியலில் சேர்க்கவில்லை. அதற்குக் கொடிக்குரிய நாட்டின் இசைவோ வேறொரு சட்ட அடிப்படையோ இன்றும் தேவைப்படுகிறது.