மூக்குக்குள் ஒரு பம்ப் செட்!

- இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு



ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னதும் கவிதை எழுதலாமா, ஜோக் எழுதலாமா என்று யோசித்தேன். இரண்டுமே எனக்கு வராது. அதனால் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடத்தை நாம் எல்லோரும் படித்தோம். பாதிப் பேர் அரியரும் வைத்தோம் (நானும்தான்!). "இதைப் படிச்சு எங்கடா யூஸ் பண்ணப் போறோம்?" என்று கடைசி பெஞ்சில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறதா? அதற்கான பதில் எனக்கு ஆஸ்பத்திரியில் கிடைத்தது.

எங்க அப்பாவுக்கு மர மில்லில் வேலை. 22 வருஷமாக மரத்தூளுக்கு நடுவில் நிற்கிறவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிராயை முகர்ந்தாலே தேக்கா, வேம்பா, பலாவா என்று சொல்லிவிடுவார். நாலு வருஷமாக அது முடியாமல் போனது. எந்நேரமும் மூக்கடைப்பு, குனிந்தால் நெற்றி கனம், சாம்பார் வாசனைகூடத் தெரியாது. ஸ்கேன் பார்த்த டாக்டர், "சைனஸில் சதை வளர்ந்து அடைத்திருக்கிறது, ஆபரேஷன் செய்வது நல்லது" என்றார்.

ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "மூக்குக்குள்ள கத்தி விட்டா கண்ணு போயிரும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அப்பா பயந்துவிட்டார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருத்தன்தான். "நீ படிச்சவன்ப்பா. நீ கேட்டுட்டு வந்து சொல்லு. நீ சரின்னா நான் படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பயம் நியாயம்தான் தம்பி. கண்ணு அங்க பக்கத்துலதான் இருக்கு. நான் எதைத் தொடறேன்னு எனக்குத் தெரியற வரைக்கும் ஆபத்து ரொம்பக் கம்மி. ரத்தம் வந்து மறைச்சாதான் சிக்கல். அதனால எங்களுக்குப் பாதி வேலை, பார்வையைச் சுத்தமா வச்சுக்கறதுதான்" என்றார். அந்தப் பாதி வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சைனஸ் என்பது என்ன?

முகத்து எலும்புக்குள் இருக்கும் காற்று அறைகள்தான் சைனஸ். கன்னத்தில், நெற்றியில், இரண்டு கண்களுக்கு நடுவில், மூக்கின் பின்கோடியில் என்று மொத்தம் நாலு ஜோடி. இவற்றில் ஊறும் சளி சிறு துவாரங்கள் வழியாக மூக்குக்குள் வடிய வேண்டும். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். கன்னத்துச் சைனஸின் துவாரம் அடியில் இல்லை, மேலே இருக்கிறது! மாடித் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் மாதிரி. புவியீர்ப்பு உதவாது. உள்ளே வரிசையாக நிற்கும் நுண்ணிய மயிரிழைகள்தான் சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. அதாவது இயற்கையே அங்கே ஒரு பம்ப் செட் வைத்திருக்கிறது. துவாரம் அடைத்துக்கொண்டால் பம்ப் வேலை செய்தும் பயனில்லை.

ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்து டாக்டர் மெஸ்ஸர்கிளிங்கர் இந்தச் சளி ஓடும் பாதையை ஆராய்ந்து, அடைப்பைத் திறந்துவிட்டால் சைனஸ் தானே குணமாகும் என்று காட்டினார். அதைப் பார்க்க ஒரு கருவி வேண்டுமே! இங்கிலாந்தின் இயற்பியல் அறிஞர் ஹெரால்டு ஹாப்கின்ஸ் 1959ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கம்பி லென்ஸ் அமைப்புதான் தெளிவான எண்டோஸ்கோப்புக்கு வழி செய்தது. 1985ல் அமெரிக்காவில் டாக்டர் டேவிட் கென்னடி இந்த முறைக்கு 'ஃபங்ஷனல் எண்டோஸ்கோபிக் சைனஸ் சர்ஜரி' என்று பெயர் வைத்தார். இன்று உலகம் முழுக்க அதுதான். வெளியே தழும்பே கிடையாது.

ஒரு சொட்டு போதும்!

பெரியவர்களுக்குப் பயன்படுத்தும் எண்டோஸ்கோப்பின் விட்டம் 4 மி.மீ. அதன் நுனி லென்ஸில் ஒரே ஒரு சொட்டு ரத்தம் பட்டால் டி.வி. திரை முழுக்கச் சிவப்பு. சைனஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் உள்ள எலும்புத் தகடு எவ்வளவு மெல்லியது தெரியுமா? அதன் லத்தீன் பெயருக்கே 'காகிதத் தகடு' என்றுதான் அர்த்தம். மேலே கூரைக்கு அந்தப் பக்கம் மூளை. இந்த இடத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்ய முடியுமா?

எவ்வளவு ரத்தம் மறைக்கிறது என்று அளக்க 1995ல் போயசார்ட் என்ற மயக்க மருந்து நிபுணரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். 0 முதல் 5 வரை. ரத்தமே இல்லை என்றால் 0. எப்போதாவது உறிஞ்சினால் போதும் என்றால் 2. உறிஞ்சும் வேகத்தைவிட ரத்தம் வரும் வேகம் அதிகம் என்றால் 5, அப்போது ஆபரேஷன் செய்யவே முடியாது. கவனித்தீர்களா நண்பர்களே? எத்தனை மி.லி. ரத்தம் என்பது அங்கே கணக்கில்லை. இன்லெட் அதிகமா, அவுட்லெட் அதிகமா என்பதுதான் கணக்கு. நம்ம பாடம்தான்!

உறிஞ்சி இழுப்பதில்லை

ரத்தத்தை எடுப்பது சக்‌ஷன் மெஷின். மோட்டார், வேக்குவம் பம்ப், கேஜ், ஜாடி, டியூப், நுனியில் வளைந்த ஒரு உலோகக் குழாய். அவ்வளவுதான். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறோமே, அதே தத்துவம். நாம் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறோம், வெளிக்காற்று இளநீரை மேலே தள்ளுகிறது. காற்றின் அழுத்தம் பாதரசத்தில் 760 மி.மீ. ஆகவே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினாக இருந்தாலும் அதற்கு மேல் 'இழுக்க' முடியாது.

டியூபின் குறுக்களவுதான் இங்கே ராஜா. சீராக ஓடும் திரவத்துக்குப் பாயும் அளவு ஆரத்தின் நான்காம் படிக்கு நேர்விகிதம் என்று படித்தோம் அல்லவா? 3 மி.மீ. துளை 1.5 மி.மீ. ஆனால் ஓட்டம் பாதி ஆகாது, 16ல் ஒரு பங்காகிவிடும்! டியூப் நீளம் இரட்டித்தால் ஓட்டம் பாதி. சைனஸில் காற்றும் ரத்தமும் சளியும் கலந்து கொந்தளித்து வருவதால் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனால் குறுகிய குழாய்தான் முதல் எதிரி என்பது மாறாது. உள்ளே ஒரு சின்ன ரத்தக்கட்டி ஒட்டிக்கொண்டாலே சக்‌ஷன் செத்துவிடும்.

அதிகமாக உறிஞ்சினாலும் ஆபத்து. நல்ல சவ்வு உரிந்துவிடும். அதற்காகக் கைப்பிடியில் ஒரு பொத்தல் வைத்திருக்கிறார்கள். கட்டைவிரலால் மூடினால் நுனியில் முழு விசை. விரலை எடுத்தால் காற்று பொத்தல் வழியாகப் போய்விடும், நுனியில் விசை குறைந்துவிடும். வால்வு இல்லை, ஸ்பிரிங் இல்லை. ஒரு பொத்தல்!

தண்ணீர் உள்ளேயும் போகிறது

சதையை நறுக்கி எடுக்க மைக்ரோடெப்ரைடர் என்றொரு கருவி. குழாய்க்குள் குழாய். உள்குழாய் இடம் வலமாகச் சுழன்று வெட்டும், வெட்டியதைச் சக்‌ஷன் உடனே கொண்டுபோகும். துண்டுகள் உள்ளே அடைக்காமல் இருக்க உப்புநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். லேத்தில் கூலன்ட் விடுகிறோமே, அதுபோல. ஆனால் காகிதத் தகடு கிழிந்தால் இதே சக்‌ஷன் கண் தசையையும் இழுத்துவிடக்கூடும். அதனால்தான் பார்வை தெளிவாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்.

லென்ஸைக் கழுவவும் ஓர் உறை உண்டு. டாக்டர் கால் பெடலை மிதித்தால் உப்புநீர் லென்ஸ்மேல் பாயும். காலை எடுத்ததும் பம்ப் ஒரு நொடி பின்பக்கம் சுற்றி, தொங்கும் கடைசிச் சொட்டையும் வாங்கிக்கொள்ளும். எண்டோஸ்கோப்பை வெளியே எடுத்துத் துடைக்க வேண்டியதில்லை.

எல்லாம் ஜாடியில் சேர்கிறது. ஜாடியில் 1,100 மி.லி. இருக்கிறது, உள்ளே விட்ட உப்புநீர் 900 மி.லி. என்றால் ரத்த இழப்பு சுமார் 200 மி.லி. பஞ்சில் ஊறியது தனி. உப்புநீர்க் கணக்கை யாராவது எழுத மறந்தால் இந்த விடையே கிடைக்காது. ஜாடி நிரம்பினால் மிதவை ஒன்று மேலே வந்து பம்ப் பக்கத்து வழியை அடைத்துவிடும். பம்ப் தப்பிக்கும், ஆனால் சக்‌ஷன் நின்றுவிடும். ஆகவே நிரம்புமுன் ஜாடியை மாற்ற ஆள் கவனிக்க வேண்டும்.

வருமுன் காப்பது இன்னொரு பக்கம். அட்ரினலின் நனைத்த பஞ்சு ரத்தக்குழாய்களைச் சுருக்கும். மேஜையின் தலைப்பக்கத்தை 15 டிகிரி உயர்த்துவார்கள். இதயத்திலிருந்து மூக்குக்கு 30 செ.மீ. என்று வையுங்கள். சைன் 15 போட்டால் உயரம் சுமார் 8 செ.மீ. அந்த உயரத்து ரத்தத் தம்பத்தின் அழுத்தம் சுமார் 6 மி.மீ. பாதரசம். அவ்வளவு குறைந்தாலே ரத்தக் கசிவில் வித்தியாசம் தெரியுமாம்.

ஒரு ரப்பர் வளையம்

இதையெல்லாம் புரிந்துகொண்டு அப்பாவிடம் இளநீர், ஸ்ட்ரா என்று சொன்னேன். "அப்ப நம்ம மில்லுல மரத்தூள் உறிஞ்சற மோட்டார் மாதிரிதான்னு சொல்லு" என்றார். ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். நல்லபடியாக முடிந்தது.

அதன் பிறகு இன்னொரு ஆஸ்பத்திரியின் மெயின்டனன்ஸ் பிரிவில் எனக்கு இன்-பிளான்ட் டிரெயினிங். ஒருநாள் காலை தியேட்டரிலிருந்து புகார். சக்‌ஷன் கேஜ் முள் 200ஐத் தாண்டவில்லை. மோட்டார் போய்விட்டது என்று நான் ஸ்பேனரை எடுத்தேன். அங்கிருந்த அண்ணன் கையைப் பிடித்தார். "கழட்டாதே, முதல்ல மடிச்சுப் பாரு" என்றார். பம்புக்கும் ஜாடிக்கும் நடுவில் டியூபை மடித்தார். முள் சரசரவென்று ஏறியது. ஆக, பம்ப் நல்லது. ஜாடியைத் தாண்டி, நோயாளி பக்கத்து டியூபை மடித்தார். முள் 200லேயே நின்றது. ஆக, ஓட்டை ஜாடியில்! மூடியைத் திறந்தால் ரப்பர் வளையத்தில் மயிரிழை அளவு வெடிப்பு. வளையத்தை மாற்றினோம். பத்து நிமிஷ வேலை.

அண்ணன் டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு மட்டும் கை நடுங்கியது. அந்த மேஜையில் அன்றைக்குப் படுக்க இருந்தவர் யாரோ ஒருத்தருடைய அப்பா. வளையத்தைப் பார்க்காமல் விட்டிருந்தால்? டாக்டரின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் அவருடைய கண்ணைக் காப்பாற்றுவது இந்த வளையம்தானே!

வீட்டுக்கு ஒரு குறிப்பு: ஆபரேஷனுக்குப் பின் உப்புநீரால் மூக்கைக் கழுவச் சொல்வார்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்பு. தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்தே பயன்படுத்துங்கள். 2011ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விட்ட இருவர், மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்துபோனார்கள்.

அப்பாவுக்கு வாசனை முழுசாகத் திரும்பவில்லை. போன மாதம் மில்லிலிருந்து ஒரு சிராயைக் கொண்டுவந்தார். முகர்ந்து பார்த்து, "வேம்பு" என்றார். வேம்புதான்.

நண்பர்களே, நாளை நம்மில் யாராவது ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரலாம். டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர்கள் டாக்டருக்கும் நர்ஸுக்கும் நன்றி சொல்வார்கள். ரப்பர் வளையம் மாற்றியவனை யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? தினமும் காலையில் டியூபை மடித்து முள் ஏறுகிறதா என்று பாருங்கள். அந்த அரியர் பேப்பரை நான் இந்த முறை பாஸ் செய்துவிட்டேன் என்பதையும் மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.