பழைய துணிக்கு யார் பொறுப்பு?

தெம்பனிஸ் வீவக புளோக்குகளின் கீழே இருக்கும் நீலநிற மறுசுழற்சித் தொட்டி துணிகளுக்கானது அல்ல. தாள், நெகிழி, கண்ணாடி, உலோகம் ஆகியவற்றை மட்டுமே அதில் போடலாம். குப்பையில் வீசப்படும் சட்டையும் சேலையும் எரியாலைக்குச் செல்கின்றன. சாம்பல், 2035 வாக்கில் நிரம்பிவிடும் என எதிர்பார்க்கப்படும் செமக்காவ் நிரப்புநிலத்தைச் சேர்கிறது.

சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டில் சேர்ந்த துணி, தோல் கழிவு ஏறத்தாழ 254,000 டன். அதில் மறுசுழற்சியானது வெறும் 2 விழுக்காடு.

பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி, ஜரிகை, பொத்தான் என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரிக்கவேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது?

மின்னணுக் கழிவுக்கு விடை கிடைத்துவிட்டது. 2019ல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ், 2021 ஜூலை முதல் தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் அப்பொறுப்பை ஏற்றுள்ளனர். துணிக்கு இங்கு அத்தகைய கடப்பாடு இல்லை. பிரான்சில் ஆடை நிறுவனங்களுக்கு 2007 முதலே அது உண்டு.

வாங்குவோருக்கும் பங்குண்டு. தீபாவளிக்குப் புத்தாடை எடுக்குமுன் அலமாரியைப் பார்க்கலாம். உடுத்தக்கூடிய பழைய துணிகளைத் துவைத்து, நன்கு உலர்த்தியபின் நன்கொடையாகத் தரவேண்டும். ஈரத்துணி ஒன்று இருந்தாலும் பை முழுவதும் பூஞ்சை பிடித்துவிடும்.