முதல் நொடிக்கும் மூன்றாம் நாளுக்கும்: வீட்டுக்கு ஜெனரேட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பலவற்றுக்குக் கரண்ட் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. இருட்டைக்கூடச் சமாளித்துவிடலாம், தண்ணீர் இல்லாமல் என்ன செய்வது? போர்வெல்லில் தண்ணீர் இருந்தும் மோட்டார் ஓடாததால் மேல்தொட்டி காய்ந்தது. ஜெனரேட்டர் இருந்த வீட்டு வாசலில் குடங்கள் வரிசை கட்டின.

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் ஜெனரேட்டர் கடைகளில் கூட்டம் சேரும். அவசரத்தில் வாங்கிய பல இயந்திரங்கள் வீட்டு விளக்கையும் ஃபேனையும் ஓட்டும். மோட்டாரைப் போட்டதும் முக்கி முனகி நின்றுவிடும். ஏனென்று புரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்தது.

இன்வர்ட்டர் போதுமா?

கரண்ட் எவ்வளவு நேரம் போகிறது என்பதே முதல் கேள்வி. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்தி மாலையில் கொடுப்பது ஒரு வகை. அதற்கு இன்வர்ட்டர் போதும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியின் கணக்கு 1,800 வாட்-மணி. இழப்பு போக இரண்டு மூன்று ஃபேனும் சில எல்.இ.டி. பல்புகளும் நாலைந்து மணி நேரம் ஓடும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டை ஒட்டியே இழுக்கும். ஃபேனை மாற்றினாலே பேட்டரி தாங்கும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்; மாலைவரை ஓட்டிவிடலாம்.

நாள்கணக்கில் கரண்ட் இல்லையென்றால் பேட்டரியை நிரப்ப ஆள் வேண்டும். போர்வெல் மோட்டாரை இழுக்கவும் சாதாரண வீட்டு இன்வர்ட்டரால் ஆகாது. ஜெனரேட்டருக்கான இடம் அதுதான்.

உள்ளே நடப்பது என்ன?

1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தத்துவம்தான் இன்றுவரை: செப்புக் கம்பிச் சுருளுக்கு அருகே காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். எஞ்சின் சுழற்ற, காந்தம் சுற்ற, சுருளிலிருந்து 230 வோல்ட் வெளியே வருகிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறிப் போய்வரக்கூடியது. இரண்டு துருவம் உள்ள காந்தமானால் அதற்கு நிமிடத்துக்கு 3,000 சுற்று வேண்டும். நான்கு துருவமானால் 1,500 போதும். கையில் தூக்கும் சிறிய ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் 3,000 சுற்று ரகம். நிலையாகப் பொருத்தும் டீசல் ஜெனரேட்டர்கள் பலவும் 1,500. மெதுவாகச் சுற்றுவதால் சத்தமும் தேய்மானமும் குறைவு. எடையும் விலையும் கூடுதல்.

சுமை ஏறினால் எஞ்சின் வேகம் தணியப் பார்க்கும். உடனே ‘கவர்னர்’ எரிபொருளைக் கூட்டிச் சுற்றைக் காக்கும். வோல்டேஜ் சரியாமல் ஏ.வி.ஆர். என்னும் சிறிய மின்னணுப் பலகை காந்தத்தின் பலத்தைக் கூட்டும். இரண்டுக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையை மீறிச் சோதிப்பது மோட்டார்.

முதல் நொடிக் கணக்கு

ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு ஃபேன் 300 வாட், எட்டு பல்பு 72, ஃபிரிட்ஜ் 150, டி.வி. 100. எல்லாம் சேர்த்து 650க்குள். ஒரு ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் ஓடும்போது 1,100 வாட்டை ஒட்டி எடுக்கும். ஆக 1,750. கடைக்காரர் 2.5 கே.வி.ஏ. ஜெனரேட்டரைக் காட்டுவார், கணக்கும் சரியாகவே தெரியும்.

ஆனால் நின்றிருக்கும் மோட்டாரைக் கிளப்புகிற அந்த ஓரிரு நொடியில் அது வழக்கமான கரண்டைப்போல் நாலைந்து மடங்கு கேட்கும். ஓடும்போது 7 ஆம்பியர் எடுப்பது, கிளம்பும்போது 30 ஆம்பியருக்குப் போகும். சிறிய ஜெனரேட்டரால் கொடுக்க முடியாது. வோல்டேஜ் விழும், பல்பு மங்கும், மோட்டார் சுற்றாமல் உறுமும், எஞ்சின் திணறி அணையும். திரும்பத் திரும்ப முயன்றால் மோட்டார் காயில் கருகும். ஒரு ஹெச்.பி. மோட்டார் உள்ள வீட்டுக்கு 5 கே.வி.ஏ.வை ஒட்டிப் போவதே நல்லது.

கே.வி.ஏ. என்பதையும் கிலோவாட் என்பதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. பெயர்ப்பலகையில் பவர் ஃபேக்டர் 0.8 என்றிருந்தால் 5 கே.வி.ஏ. என்பது 4 கிலோவாட்தான். சில பலகைகளில் இரண்டு எண்கள் இருக்கும்: சில நிமிடங்களுக்குத் தாங்கும் உச்ச அளவு, தொடர்ந்து தரும் அளவு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

வரிசைமுறையும் உதவும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முதலில் மோட்டாரைப் போடுங்கள். அது நிதானமான பிறகு ஃபிரிட்ஜ், அப்புறம் ஃபேன், விளக்கு. கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஆளுக்கு 2,000 வாட்டை விழுங்குபவை; அவற்றைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். ஏ.சி. கட்டாயம் என்றால் இன்வர்ட்டர் ரக ஏ.சி. மெதுவாகக் கிளம்பும், முதல் நொடியில் இடிக்காது.

‘எதற்கும் பெரிதாகவே வாங்கிவிடலாம்’ என்பதும் சரிவராது. டீசல் எஞ்சினைத் தொடர்ந்து 30 சதவீதத்துக்கும் குறைந்த சுமையில் ஓட்டினால் எண்ணெய் முழுதாக எரியாமல் சைலன்சரில் கரியாகவும் பிசுக்காகவும் படியும்.

மூன்றாம் நாள் எரிபொருள்

சிறிய டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 3 யூனிட் தரும். பெட்ரோல் ரகம் 2 யூனிட்டை ஒட்டித்தான். இன்றைய விலைக்கு டீசலில் ஒரு யூனிட் 30 ரூபாய், பெட்ரோலில் 50. இரவு பகலாக ஓட்டினால் பணத்துக்கு முன் எரிபொருளே தீர்ந்துவிடும். புயலுக்குப் பின் பெட்ரோல் பங்க்கிலும் கரண்ட் இருக்காது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் தொட்டி நிரம்பும், ஃபிரிட்ஜ் குளிரும், போன்கள் சார்ஜ் ஆகும், இன்வர்ட்டர் பேட்டரியும் கொஞ்சம் ஏறும். இரவு ஃபேனை இன்வர்ட்டர் பார்த்துக்கொள்ளும். சில இன்வர்ட்டர்கள் ஜெனரேட்டர் கரண்டை ஏற்க மறுக்கும். பல மாடல்களில் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதை ‘யு.பி.எஸ்.’ நிலையிலிருந்து மாற்றினால் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துக்கொண்டு சார்ஜ் ஏற்றும்.

உயிரோடு விளையாடும் இரண்டு இடங்கள்

முதலாவது புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை வராண்டாவிலோ மாடிப்படிக்குக் கீழோ வைத்துவிட்டுத் தூங்கினால் எழுந்திருக்காமலே போகலாம். ஜன்னல், கதவிலிருந்து 20 அடியாவது தள்ளி, வெள்ளம் எட்டாத மேடையில், மேலே கூரை மட்டும் போட்டு வையுங்கள்.

இரண்டாவது இணைப்பு. இருபுறமும் பிளக் உள்ள ஒயரால் ஜெனரேட்டரை வீட்டு பிளக்பாயிண்ட்டில் சொருகும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மெயினை அணைக்க மறந்தால் கரண்ட் தெருவுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் இருதிசையிலும் வேலை செய்யும். நம் 230 வோல்ட் மறுபக்கம் 11,000 வோல்ட்டாக ஏறும். லைன் செத்துக்கிடக்கிறது என்று நம்பிக் கம்பியைத் தொடும் லைன்மேன் உயிர் அங்கே போகும். மொட்டைமாடி சோலார், மின்வாரிய இணைப்போடு மட்டும் ஓடும் ரகமானால், கரண்ட் போனதும் தானே அணைந்துவிடுவதும் இதே காரணத்தால்தான்.

இதற்குத் தீர்வு சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் மின்வாரியம், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டும் சேரவே வழியில்லை. ஃபேஸோடு நியூட்ரலையும் மாற்றுகிற சுவிட்சாகப் பார்த்து, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்துங்கள். தானாகவே மாறும் ஏ.எம்.எஃப். பேனல் வசதியானது, ஆனால் கட்டாயமில்லை.

வாங்கும் அன்று

டீசல் ஜெனரேட்டரானால் அதைச் சுற்றி மூடும் கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் சத்தம் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி; சான்றிதழைக் கேளுங்கள். பெட்ரோல் ரகமானால் மாதக்கணக்கில் தேங்கும் பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகும் என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுமையோடு கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். பக்கத்து ஊரிலாவது சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

விலை பேசி முடிப்பதற்குள் கடைக்காரரிடம் ஒரு நிபந்தனை வையுங்கள்: இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே போர்வெல் மோட்டாரைப் போட்டுக்காட்ட வேண்டும். மூன்று முறை போட்டு மூன்று முறையும் தயங்காமல் தண்ணீர் ஏறினால் பணத்தைக் கொடுங்கள்.